ஏழைக்கு இரண்டு பூட்டு

கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருப்பவன் வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், அவனுக்கு நிலம் இல்லை என்கிறார்கள். நிலம் இல்லாதவன் வெளியே நடமாடக் கூடாதா என்று கேட்டால், சட்டம் அப்படித்தான் என்கிறார்கள். அப்படித்தானா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அங்கே அப்படி இல்லை!

புதிராக இருக்கிறதா, தோழர்களே? புதிர் அல்ல, இந்த நாட்டின் சிறைச்சாலைகளிலே அன்றாடம் நடைபெறும் நிகழ்ச்சி. 'இவனை ஜாமீனில் விடலாம்' என்று நீதிபதி ஆணையிட்ட பிறகும், ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காத காரணத்தால் சிறைக்குள்ளேயே கிடக்கிறானே ஏழை, அவனைப் பற்றித்தான் இந்த இதழிலே பேச விரும்புகிறோம். அவன் குற்றவாளியா, இல்லையா என்பதை நீதிமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை. அவனிடம் சொத்து இல்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. அந்த முடிவுக்கே தண்டனையும் தொடங்கிவிட்டது!

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர்த் திருவிழா. கூட்டத்திலே கைகலப்பு. இருவரைப் பிடிக்கிறது போலீஸ். ஒருவன் அரிசி ஆலை முதலாளியின் மகன். மற்றவன் கொத்தனாருக்குக் கலவை சுமக்கும் கூலி. ஒரே நாள், ஒரே வழக்கு, ஒரே பிரிவு. மாஜிஸ்ட்ரேட்டும் பாரபட்சம் காட்டவில்லை. இருவருக்கும் ஒரே ஆணைதான் பிறப்பித்தார். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீன், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன். சட்டத்தின் முன் யாவரும் சமம்! கேட்கக் காது குளிர்கிறது.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஆலை முதலாளியின் மகனுக்கு ஜாமீன் நிற்க 'நான் முந்தி, நீ முந்தி' என்று வருகிறார்கள். வீட்டு வரி ரசீது இருக்கிறது, பட்டா இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், வண்டி வாசலிலே நிற்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறான். கூலிக்காரனின் தாய் எங்கே போவாள்? குடியிருப்பது புறம்போக்கிலே, வரி ரசீது ஏது? பக்கத்துக் குடிசைக்காரனும் அதே புறம்போக்குதான். ஓட்டு வீடு உள்ள உறவினரிடம் போகிறாள். கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடுமோ என்று அவர் அஞ்சுகிறார். கோர்ட்டு வாசலிலே ஒருவன், 'ஐயாயிரம் கொடு, ஆள் பிடித்துத் தருகிறேன்' என்கிறான். ஐயாயிரத்துக்கு எங்கே போவாள்? கடைசியிலே கோயிலுக்குப் போகிறாள். மஞ்சள் துணியிலே ஒரு ரூபாய்க் காசை முடிந்து வைக்கிறாள். 'எல்லாம் அவன் தலையெழுத்து' என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

தலையெழுத்தா? இல்லை தாயே, இல்லை! அது நீதிமன்றத் தாளிலே எழுதப்பட்ட எழுத்து. மனிதன் எழுதியது, ஆகவே மனிதனால் திருத்தி எழுதக் கூடியது. உன் மகன்மீது இரண்டு பூட்டுகள் தொங்கின. முதற்பூட்டைப் போலீஸ் போட்டது. நீதிபதி அதைத் திறந்துவிட்டார். இரண்டாவது பூட்டைப் போட்டது சொத்து. அந்தப் பூட்டுக்குச் சட்டத்திலே இடமில்லை என்பதை உன்னிடம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் வரிசையிலே நாமும் நிற்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

ஜாமீன் என்றால் என்ன?

கட்டி வைத்திருப்பவனை அவிழ்த்து விடுவதற்குத் தமிழிலே 'பிணை' என்று பெயர். பிணைத்தல் என்றால் கட்டுதல்! அவிழ்ப்பதற்கும் கட்டுவதற்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. நடைமுறையும் அதற்கேற்றபடியே அமைந்துவிட்டது. அரபு மொழியிலே பிறந்து உருது வழியாக நம் ஊர்க் கச்சேரிக்கு வந்த சொல் 'ஜாமீன்'. மக்கள் வாயிலே அதுவே பழகிவிட்டதால் நாமும் அதையே ஆள்கிறோம்.

1898 ஆம் ஆண்டு வெள்ளையன் வகுத்த குற்ற விசாரணை முறைச் சட்டம், 1973 இலே புதிதாக எழுதப்பட்டது. 2023 இலே மீண்டும் எழுதி, 2024 ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'. எந்தச் சட்டத்தின்படி தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க நினைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளி, முதலில் அந்தப் பெயரை உச்சரிக்கப் பழக வேண்டும்! பெயர் வாயில் நுழையாவிட்டால் உள்ளே இருக்கும் உரிமை எப்படி மனத்தில் நுழையும்? பெயரை ஒருபுறம் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்ப்போம்.

அந்தச் சட்டம் இருவகைப் பத்திரங்களைப் பிரித்துச் சொல்கிறது. 'வழக்குக்குத் தவறாமல் வருவேன், வராவிட்டால் இன்ன தொகை செலுத்துவேன்' என்று கைதானவன் தானே எழுதிக் கொடுப்பது ஒன்று. அது சொந்த ஜாமீன். அவனுக்காக வேறொருவர் 'இவன் வருவான், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுப்பது மற்றொன்று. அது நபர் ஜாமீன். அப்படி எழுதிக் கொடுப்பவர் ஜாமீன்தாரர்.

இங்கேதான் முதல் மயக்கம். 'பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்' என்றதும் பத்தாயிரம் ரூபாயை எண்ணி மேசைமீது வைக்க வேண்டும் என்று ஏழைக் குடும்பம் எண்ணிவிடுகிறது. அல்ல! நீதிமன்றம் ரொக்கமாகக் கட்டச் சொல்லாத வரையில், பத்திரத்திலே எழுதப்படுவது வாக்குறுதி, பணமல்ல. கைதானவன் சொன்ன நாளிலே வராமல் போனால்தான் அந்தத் தொகையைப் பற்றிய பேச்சே எழும். அப்போதும் நீதிமன்றம் அறிவிப்புக் கொடுத்து, விளக்கம் கேட்ட பிறகே வசூலிக்க முடியும். இந்த ஓர் உண்மை தெரியாத இடத்திலேதான் தரகன் தழைக்கிறான். அறியாமை அவனுக்கு மூலதனம். அழுகை அவனுக்கு ஆதாயம்.

இரண்டாவது மயக்கம், 'ஜாமீனில் விட முடியாத குற்றம்' என்ற சொற்றொடர். அதைக் கேட்டதும், இனி வழியே இல்லை என்று தாய் தலையிலே கை வைத்துக்கொள்கிறாள். அந்தச் சொற்றொடரின் பொருள், ஜாமீன் தருவது நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்தது என்பதுதான். ஜாமீனில் விடக் கூடிய குற்றமானால் அது கைதானவனின் உரிமை. காவல் நிலையத்திலேயே பெறக் கூடிய உரிமை. மற்றதானால் நீதிமன்றத்திலே கேட்டுப் பெற வேண்டியது. முடியவே முடியாது என்பது சட்டமல்ல. தரகனும் தாணாக்காரனும் பரப்பிய புராணம்.

சட்டம் இன்னும் ஒன்று சொல்கிறது. ஜாமீனில் விடக் கூடிய குற்றத்திலே கைதானவன் ஜாமீன்தாரர் தர முடியாத ஏழை என்றால், அவனைச் சொந்த ஜாமீனிலேயே விட்டுவிட வேண்டும். 'விடலாம்' அல்ல, 'விட வேண்டும்'! கைதான ஒரு வாரத்துக்குள் அவனால் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், அதுவே அவன் ஏழை என்று கொள்ளப் போதுமான சான்று. 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்திலே சேர்ந்த இந்த விளக்கம், புதிய சட்டத்தின் 478 ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. எந்தக் குற்றமானாலும் ஜாமீன் தொகை, வழக்கின் சூழ்நிலையைக் கருதி வகுக்கப்பட வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது என்று 484 ஆம் பிரிவு கூறுகிறது.

அப்படியானால் பூட்டு எங்கிருந்து வந்தது? பழக்கத்திலிருந்து வந்தது! 'இரு நபர் ஜாமீன்' என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதுகிறது. எழுதியதைச் சொத்தாக மாற்றிப் பழகிய அலுவலகம், ரசீது கொண்டு வா, சான்றிதழ் கொண்டு வா, உள்ளூர்க்காரனைக் கொண்டு வா என்று அடுக்குகிறது. 'முன்னோர் செய்தார், நாமும் செய்கிறோம்' என்பதை நாம் கோயிலிலே மட்டும்தான் கண்டிக்க வேண்டுமா? கோர்ட்டிலே கண்டால் கும்பிட்டுவிட்டுப் போவதா?

ஒரு கொத்தனாரின் வழக்கு

நாம் சொல்வது நமது கற்பனையன்று. 1978 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. மத்தியப் பிரதேசத்திலே மோதிராம் என்றொரு கொத்தனார். ஏழை. அவருக்கு ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஆனால் கீழே இருந்த மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார். 1978 இன் பத்தாயிரம்! மோதிராமின் உடன்பிறந்தவர் ஜாமீன் நிற்க வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்திலே இருப்பதாகச் சொல்லி, அவரை ஏற்க மறுத்துவிட்டார் மாஜிஸ்ட்ரேட். நாட்டின் தலைமை நீதிமன்றம் திறந்த கதவை, மாவட்ட எல்லைக் கல் மூடிவிட்டது!

கொத்தனார் மறுபடியும் டில்லிக்கு எழுதினார். வழக்கைக் கேட்டவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் சினத்தோடு கேட்டார்: பஸ்தாரிலோ, போர்ட் பிளேரிலோ, பஹல்காமிலோ, டில்லி சாந்தினி சௌக்கிலோ ஒரு தமிழனோ, தெலுங்கனோ, மலையாளியோ, கன்னடியனோ கைதானால், அந்த ஊரிலே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு அவன் எங்கே போவான்? நீதிமன்றம் இருக்கும் மாவட்டத்திலிருந்துதான் ஜாமீன்தாரர் வர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதே அவர் கண்ட விடை. ஆயிரம் ரூபாய்ச் சொந்த ஜாமீனிலே அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார்.

மறு ஆண்டு, 1979 இலே, ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார்ச் சிறைகளிலே, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய தண்டனைக் காலத்தைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களின் கதை நாட்டின் முன் வந்தது. ஆண்கள் மட்டுமா? பெண்கள், சிறுவர்கள்! நீதிபதி பி. என். பகவதி எடுத்துரைத்த கருத்து எளிது: ஒரு மனிதனை ஊரோடு பிணைப்பது பணமல்ல, வேர். அவனுக்கு அந்த ஊரிலே குடும்பம் இருக்கிறதா, தொழில் இருக்கிறதா, உறவு இருக்கிறதா என்று பார். இருந்தால் அவன் சொல்லை நம்பி விட்டுவிடு.

தீர்ப்புகள் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. நிலைமை என்ன? 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர் என்கிறது அரசின் கணக்கு. அவர்களுள் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள்! அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். இத்தனை பேரும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஜாமீன் மறுக்கப்பட்டோர் உண்டு. விசாரணை நீண்டதால் வாடுவோர் உண்டு. ஆனால் ஜாமீன் கிடைத்தும் வெளிவர முடியாதோர் என்று தனியே ஒரு கூட்டம் இருக்கிறது. அதை உச்ச நீதிமன்றமே கண்டு, 2023 ஜனவரி 31 அன்று வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் ஆணை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். ஏழு நாளில் அவன் வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே ஆராயலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒருகாலத்திலே மனுநீதி, ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனையை அளந்தது. உயர்ந்தவன் என்றால் ஓர் அளவு, தாழ்ந்தவன் என்றால் வேறோர் அளவு. அந்தக் காலம் மலையேறிவிட்டது, இது சமத்துவச் சட்டத்தின் காலம் என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: பிறப்பை எடுத்துவிட்டுப் பட்டாவை வைத்தால் தராசு நேராகிவிடுமா? இந்த நாட்டிலே நிலம் யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைத் தீர்மானித்தது எது? சாதிதானே! சாதி எழுதிய கணக்கைச் சொத்து படித்துக் காட்டுகிறது. நீதிமன்றம் அதைக் கேட்டுத் தலையசைக்கிறது. பழைய மனுவுக்குப் புதிய முத்திரைத்தாள்!

ஓடிவிடுவானாம்!

'ஜாமீன்தாரர் இல்லாமல் விட்டால் ஓடிவிடுவான்' என்பது அவர்களின் வாதம். ஓடுவது யார்? விஜய் மல்லையா 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனார். நீரவ் மோடி 2018 ஜனவரியில் போனார். இருவரையும் 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி' என்று 2019 இலே நீதிமன்றம் அறிவித்தது. இருவரும் வரி ரசீது இல்லாதவர்களா? பட்டா இல்லாதவர்களா? சொத்து அவர்களை ஊரோடு கட்டிப் போடவில்லை. சொத்து அவர்களுக்குச் சிறகாயிற்று! கலவை சுமப்பவன் எந்த விமானத்திலே ஏறுவான்? அவன் வேலை இங்கே, குடிசை இங்கே, கடன் இங்கே, பிள்ளை படிக்கும் பள்ளி இங்கே. ஓட வசதி உள்ளவனிடம் உத்தரவாதம் எளிதாகக் கிடைக்கிறது; ஓட முடியாதவனிடம் உத்தரவாதம் கேட்டுச் சிறையிலே வைக்கிறார்கள். இதற்குப் பெயர் முன்யோசனையா?

'குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே' என்பது அடுத்த வாதம். குற்றவாளி என்று யார் சொன்னது? வழக்கு முடிந்ததா? தீர்ப்பு வந்ததா? பெண்களுக்குக் கொடுமை செய்தவனையும், சாதி வெறியிலே கொலை செய்தவனையும், சாட்சியை மிரட்டக் கூடியவனையும் மாலையிட்டு அனுப்பச் சொல்லவில்லை நாம். அப்படிப்பட்டவன் வெளியே வரக் கூடாது என்றால், நீதிபதி காரணத்தை எழுதி ஜாமீனை மறுக்கட்டும். அது நேர்மையான பூட்டு; மேல்நீதிமன்றத்திலே அதை எதிர்த்து வாதாடவும் இடமுண்டு. நாம் எதிர்ப்பது அதையல்ல. 'இவன் வெளியே போகலாம்' என்று முடிவு செய்த பிறகு, பணப்பையை எட்டிப் பார்த்து நிறுத்தும் இரண்டாவது பூட்டை எதிர்க்கிறோம். ஆபத்தானவன் என்றால் பத்தாயிரம் ரூபாய்க்கு அவன் ஆபத்து நீங்கிவிடுமா? ஆபத்தில்லாதவன் என்றால் பத்தாயிரம் இல்லாததால் ஆபத்தானவனாக ஆகிவிடுவானா?

டாலர் நாட்டுப் பாடம்

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை அறிய அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஜாமீன் ஒரு வாணிகம். சிறைச்சாலை எதிரிலேயே ஜாமீன் கடைகள், விளம்பரப் பலகைகளோடு! நீதிமன்றம் குறித்த தொகையிலே பத்தில் ஒரு பங்கை வழக்கமாகக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, கடைக்காரர் ஜாமீன் நிற்பார். வழக்கிலே நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அந்தக் கட்டணம் திரும்பாது. குற்றமற்றவன் குற்றமற்றவனாக வெளியே இருப்பதற்குக் கட்டிய வாடகை அது!

அந்தக் கட்டணமும் இல்லாதவன் கதி? 2010 இலே நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் என்ற பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன், ஒரு தோள்பையைத் திருடியதாகப் பிடிக்கப்பட்டான். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்திடம் இல்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அதிலே நெடுங்காலம் தனிமைக் கொட்டடி. விசாரணை நடக்கவே இல்லை. 2013 இலே வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015 இலே அந்த இளைஞன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். தோள்பை வழக்கு, மூவாயிரம் டாலர், ஓர் உயிர். கணக்குச் சரியாகிவிட்டதா?

அதே நாடு விடையும் சொல்லியிருக்கிறது. 1961 இலே நியூயார்க்கின் மன்ஹாட்டனில், சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். என்ன வேலை, எங்கே வீடு, குடும்பம் எங்கே, எத்தனை காலமாக இந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரிலே வேருள்ளவனைப் பணமின்றி, அவன் சொல்லை நம்பி விடலாம் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அப்படி விடப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் குறித்த நாளிலே தவறாமல் வந்து நின்றார்கள்! அந்த முயற்சியின் பயனாக 1966 இலே கூட்டாட்சி ஜாமீன் சட்டம் திருத்தப்பட்டது. நம் நாட்டு நீதிபதி பகவதியும் தம் தீர்ப்பிலே அந்த மன்ஹாட்டன் முயற்சியை எடுத்துக்காட்டினார். 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாய் மாநிலம் பண ஜாமீனையே முற்றாக ஒழித்துவிட்டது. அங்கே ஒருவன் வெளியே போகலாம் அல்லது போகக் கூடாது. அதை முடிவு செய்வது நீதிபதியின் காரணம், கைதானவனின் காசல்ல.

அந்த மாணவர்கள் ஆயுதம் எடுத்தார்களா? கேள்வித்தாளும் பென்சிலும் எடுத்தார்கள். நம் சட்டக் கல்லூரிகளிலே படிக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கண்ணாடி

இனி நம் பக்கம் திரும்புவோம். பிறரைச் சுட்டுகிற விரல் நம்மையும் சுட்டாவிட்டால் அது பகுத்தறிவாகாது.

வடக்கே போன தமிழனுக்கு யார் ஜாமீன் நிற்பார் என்று 1978 இலே நீதிபதி கேட்டார். படித்து நாம் மகிழ்கிறோம். இன்று திருப்பூரிலே பனியன் தைக்கிறவன், கோவையிலே வார்ப்படம் வார்க்கிறவன், சென்னையிலே மாடி கட்டுகிறவன் யார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வயிற்றுக்காக வந்த தொழிலாளி. அவன் இங்கே கைதானால் யார் ஜாமீன் நிற்பார்? அவனுக்கு இங்கே பட்டா ஏது? வரி ரசீது ஏது? அவன் மொழியிலே அவன் உரிமையை அவனுக்குச் சொல்பவர் யார்? மொழியைத் திணிக்க வருபவனை எதிர்ப்பது நம் கொள்கை. வேலை தேடி வருபவனை வெறுப்பது நம் கொள்கையன்று. சாந்தினி சௌக்கிலே தமிழனுக்குக் கேட்ட நீதியைத் திருப்பூரிலே பீகார்த் தொழிலாளிக்கு மறுத்தால், நாம் கேட்டது நீதியல்ல, சலுகை. அதை உணர்ந்தவனே உண்மைத் தோழன்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, ஏழை என்று தெரிந்தால் சொந்த ஜாமீன். அது எல்லா வழக்குக்கும் விதியாகட்டும், நபர் ஜாமீன் விலக்காகட்டும். இரண்டாவது, சொத்துச் சான்றையும் உள்ளூர்க்காரனையும் கேட்கும் பழக்கம் ஒழியட்டும். வேரைப் பார்க்கும் முறை வரட்டும். மூன்றாவது, ஜாமீனுக்கென்று தனிச் சட்டம். இங்கிலாந்திலே 1976 முதல் இருக்கிறது. அதுபோல் ஒன்று இங்கும் வேண்டும் என்று 2022 இலே சதேந்தர் குமார் அன்தில் வழக்கில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு எடுத்துரைத்தது. சட்டங்களுக்குப் பெயர் மாற்ற நேரம் கிடைத்தவர்களுக்கு, இதற்கு மட்டும் நேரம் கிடைக்காதா?

சட்டம் மாறும் வரை கைகட்டி நிற்பதா? ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே தொங்கும் தலைவர் படத்தின் பக்கத்திலே, பெரிய எழுத்திலே ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதைக் கைதானவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். காவலிலே இருப்பவனுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், அரசுச் செலவிலே வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலே இலவசமாகக் கேட்கலாம். குற்றத்துக்கேற்ப அறுபது அல்லது தொண்ணூறு நாளிலே குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமல்லாத வழக்கிலே, உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்துவிட்டவன் ஜாமீனுக்கு உரியவன். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவனானால் மூன்றில் ஒரு பங்கே போதும். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் உள்ளவனுக்கு இது பொருந்தாது. இவை 479 ஆம் பிரிவிலே உள்ளன. விண்ணப்பம் போட வேண்டிய கடமையும் சிறைக் கண்காணிப்பாளருக்கு இருக்கிறது. ஏழைக் கைதிக்கு ஜாமீன் பணம் கட்ட, 2023 இலே மத்திய அரசு வகுத்த திட்டத்தின்படி உதவி கேட்கவும் இடமுண்டு.

வசதியுள்ள தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். வீடும் வரி ரசீதும் இருக்கிறதா? ஊரறிந்த ஏழை ஒருவனுக்கு ஜாமீன் நிற்க அஞ்சாதீர்கள். பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஏற்கெனவே ஜாமீன் நிற்கிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். வழக்கு நாளை நாட்காட்டியிலே குறித்து வைத்து, அன்று காலை அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவ்வளவுதான் வேலை. மேடையிலே ஒரு மணி நேரம் சமத்துவம் பேசுவதைவிட, அந்தப் பத்திரத்திலே போடும் ஒரு கையெழுத்து பெரிது.

இந்த இரவும் எங்கோ ஒரு தாய், மஞ்சள் துணியிலே காசு முடிந்துகொண்டிருப்பாள். அந்தக் காசு எந்தச் சிறைக் கதவையும் திறந்ததில்லை. திறக்கும் வழி சட்டத்திலே இருக்கிறது. அது அவளுக்கு எட்டவில்லை. எட்டச் செய்ய வேண்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த நாம். நாளைக் காலை அவள் கோர்ட்டு வாசலுக்கு வரும்போது, தரகன் அவளிடம் போய்ச் சேருவதற்கு முன் நம் தோழன் ஒருவன் போய்ச் சேரட்டும்!